ஒன்பதாவதில் விட்டாச்சு; பத்தாவதில் போர்டிங் ஸ்கூல் கிடைக்குமா?

நியூ ஜெர்ஸி எடிசனிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் இங்கே பப்ளிக் ஹைஸ்கூலில் ஒன்பதாவது படிக்கிறாள். எக்ஸிடர், லாரன்ஸ்வில் மாதிரி தங்கிப் படிக்கும் பள்ளிகளில் அடுத்த வருடம் பத்தாவதில் சேர முடியுமா? மறுபடி ஒன்பதாவதிலேயே சேருங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள்."

முடியும். ஒன்பதாவதில்தான் இவர்கள் நிறையப் பேரை எடுப்பார்கள். பத்தாவதில் இடம் குறைவு, பதினொன்றில் இன்னும் குறைவு. பல பள்ளிகளில் ஜனவரி நடுவிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். மார்ச் 10 அன்று முடிவு வரும், ஏப்ரல் 10-க்குள் பதில் சொல்ல வேண்டும்.

எல்லோரும் எஸ்எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்கென்னவோ ஆசிரியர் பரிந்துரைதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்த வருடத்து இங்கிலீஷ், மேத்ஸ் ஆசிரியர்கள்தான் அதை எழுத வேண்டும். அவர்களுக்கு உங்கள் மகளை செப்டம்பரிலிருந்துதான் தெரியும்! எல்லா டெஸ்டிலும் நூறு வாங்கிவிட்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால், 'நல்ல பிள்ளை' என்பதற்கு மேல் அவர்கள் என்ன எழுதுவார்கள்? எக்ஸிடரில் 1930-களிலிருந்தே பாடம் நடப்பது ஹார்க்னெஸ் மேஜையைச் சுற்றித்தான். நீள்வட்ட மேஜை, பன்னிரண்டு பிள்ளைகள் போல, ஓர் ஆசிரியர். பேசாத பிள்ளை அங்கே ஒளிந்துகொள்ள முடியாது. ஆகவே இப்போதிருந்தே வகுப்பில் கை தூக்கச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் போய் ஒரு சந்தேகமாவது கேட்கட்டும். பரிந்துரைக் கடிதத்தை நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.

எஸ்எஸ்ஏடி அப்பர் லெவல் தாள் எட்டாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கிறவர்களுக்குப் பொதுவானது. மூன்று பகுதி, பகுதிக்கு 500 முதல் 800 வரை. பர்சன்டைல், அதாவது எத்தனை சதவீதம் பேரை முந்தினாள் என்ற கணக்கு மட்டும், அதே வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு வருவது. எட்டாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்கோரும் உங்கள் மகளின் ஸ்கோரும் ஒன்றாகவே இருந்தாலும், ஒன்பதாவதுப் பிள்ளைகள் பொதுவாக அதிகம் வாங்குவதால் பர்சன்டைல் அவளுக்குக் குறைவாகத்தான் காட்டும். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். சுத்தமாகத் தெரியாததை விட்டுவிடலாம்.

மறுபடி ஒன்பதாவதா? இந்தப் பள்ளிகளில் அது சகஜம், யாரும் 'ஃபெயிலா' என்று கேட்க மாட்டார்கள். வகுப்பில் வயது குறைந்தவளாக இருந்தாலோ, மேத்ஸிலோ வேற்றுமொழியிலோ அடித்தளம் ஆட்டம் கண்டாலோ யோசிக்கலாம். வெறுமனே இடம் சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக வேண்டாம். தங்கிப் படிக்க வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல் ஆகிறது, அதை நான்கு தடவை கட்ட வேண்டியிருக்கும். உதவித்தொகை வேண்டுமென்றால் அந்தப் படிவமும் விண்ணப்பத்தோடு சேர்ந்தே போக வேண்டும். சீட் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பெரும்பாலும் பணம் தீர்ந்திருக்கும்.

இன்டர்வியூவில், பத்தாவதுக்கு வருகிறவர்களிடம் அநேகமாக ஒரு கேள்வி வரும்: "ஒரு வருடம் அங்கே படித்துவிட்டு ஏன் மாற நினைக்கிறாய்?" இப்போதைய பள்ளியைக் குறை சொன்னால் எடுபடாது. "லத்தீன் படிக்க ஆசை, எங்கள் பள்ளியில் இல்லை" என்பது போதும், அது உண்மையாக இருந்தால். பெற்றோரிடம் தனியாகப் பேசுவார்கள். அவள் சொல்ல வேண்டியதை அப்போது நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நம் வீட்டு அப்பாக்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.