அப்பர் சுமந்த பல்லக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் மாதந்தோறும் உழவாரப் பணி செய்யும் குழுவுக்கு நான் பொறுப்பாளராக இருக்கிறேன். நானும் மற்றவர்களோடு புல் செதுக்குவதைப் பார்த்த பெரியவர் ஒருவர், தலைமையில் இருப்பவர் ஏவ வேண்டுமே தவிர இப்படி இறங்கிவிடக் கூடாது, மதிப்புக் குறைந்துவிடும் என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் கையில் இருக்கும் உழவாரமே அப்பர் எனப்படும் திருநாவுக்கரசருடைய அடையாளம் என்பதை அந்தப் பெரியவருக்கு நினைவூட்டுங்கள். எந்தக் கோயிலில் அவருடைய திருமேனியைக் கண்டாலும் தோளில் சாய்ந்திருக்கும் அந்தக் கருவியை வைத்துத்தானே அவர் இன்னார் என்று அறிகிறோம்? இத்தனைக்கும் தலைமை என்பது அவர் அறியாத ஒன்றன்று. சைவத்துக்குத் திரும்புவதற்கு முன்பே, பாடலிபுத்திரம் எனப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், சமணர்கள் தருமசேனர் என்று பெயர் தந்து போற்றிய தலைவராக அவர் இருந்தார். கல்வியாலும் வாதத் திறமையாலும் வந்த தலைமை அது. சூலை என்னும் கடும் வயிற்றுவலி பற்றியபோது அந்தக் கல்வி எதுவும் உதவவில்லை. தமக்கையார் திலகவதியார் அங்கே வர மறுத்துவிட்டதால், இரவோடு இரவாகத் தாமே நடந்து திருவதிகைக்கு வந்து அவர் காலில் விழுந்தார். அதன் பிறகு வந்த தலைமையை அவர் தேடிப் போகவில்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு உணவிட அப்பருக்கும், அவரினும் இளையவரான சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளியதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது வட்டம் பிடித்தார்கள். அப்பருடைய காசுக்கு அந்தக் கழிவு இல்லை. அதனால் அப்பருடைய மடத்தில் சமையல் முன்னதாகவே முடிந்துவிட்டது. சம்பந்தர் இறைவனுக்கு மகனானதால் வட்டமுள்ள காசையும், அப்பர் கைத்தொண்டு செய்யும் அடிமையானதால் வட்டமில்லாக் காசையும் பெற்றார்கள் என்று பெரியபுராணம் காரணம் கூறுகிறது. உரிமை பெரிதா, உழைப்பு பெரிதா என்று பட்டிமன்றம் நடத்துவதற்கு இது இடமில்லை. ஆனால் உடல் வணங்கிச் செய்யும் பணி தலைவரின் மதிப்பைக் குறைக்கும் என்று சேக்கிழார் நினைக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் துடைப்பம் ஏந்தினால், குறிப்பாகப் படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் ஏந்தினால், அது பணிவு ஆகாது. திருப்புகலூரில் அப்பருடைய உழவாரம் பட்ட இடத்திலெல்லாம் பொன்னும் மணியும் கிடைத்தபோது, அவற்றையும் புல்லோடும் கல்லோடும் சேர்த்து வாரி அவர் குளத்தில் எறிந்தார். அங்கே அவரைப் பாராட்டுவதற்குக் கூட்டம் எதுவும் இல்லை.

கேள்வி: இறைவன் முன் எப்போதும் தாழ்ந்தே நிற்பவரால் உறுதியாக முடிவெடுக்க முடியுமா? பணிவு கடைசியில் கோழைத்தனமாகிவிடாதா?
– வாசகி, மதுரை

பதில்: பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது, "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்" என்று பாடி வர மறுத்தவரும் இதே அப்பர்தான். அந்தப் பாடலின் முதல் அடியை மட்டும் மேடைகளில் முழங்குகிறோம். சங்கரனுக்கு "மீளா ஆளாய்" அவன் திருவடியைச் சேர்ந்துவிட்டோம் என்று அது முடிவதை விட்டுவிடுகிறோம். ஒருவனுக்கு முழுதும் ஆளாகிவிட்டவர் இன்னொருவனுக்குக் குடியாக இருக்க முடியாது. அவருடைய துணிவு அந்த அடிமைத்தனத்திலிருந்து பிறந்ததே தவிர, அதற்கு எதிரானதன்று.

திருக்கடம்பூர்ப் பதிகத்தில், என்னைத் தாங்குவது இறைவனுடைய கடன், "என்கடன் பணி செய்து கிடப்பதே" என்கிறார். எது தம் பொறுப்பு, எது தம் பொறுப்பன்று என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துக்கொண்டவர் விளைவை எண்ணி நடுங்க வேண்டியதில்லை. எல்லாம் தம்மால்தான் நடக்கிறது என்று நினைக்கும் தலைவரே முடிவெடுக்கத் தயங்குவார். தவறு நேர்ந்துவிட்டால் பழி போட ஆள் தேடுவார்.

பணிவு உண்மையானதா என்பதற்கு எனக்குத் தெரிந்த கடுமையான சோதனை, தம்மினும் இளையவர் தம்மை விஞ்சும் இடம். திருமறைக்காட்டில் வேதங்கள் பூசித்து அடைத்த கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. அதை மீண்டும் அடைக்கச் சம்பந்தருக்கு முதல் பாடலே போதுமானதாக இருந்தது. அப்பர் வருந்தினார், ஆனால் சம்பந்தரை நினைத்தன்று. இறைவனுடைய திருவுள்ளத்தை அறியாமல் போனோமே என்றுதான். பின்னர்த் திருவாய்மூரில், "திறக்கப் பாடிய என்னினும் செந்தமிழ் உறைப்புப் பாடி அடைப்பித்தார் உந்நின்றார்" என்று, தம்மைவிட உறுதியாகப் பாடியவர் அதோ நிற்கிறார் என இறைவனிடமே சொன்னார். புராண ஆசிரியர் பிற்காலத்தில் சேர்த்த புகழ்ச்சி அன்று இது. அவருடைய தேவாரத்திலேயே இருக்கும் வாக்குமூலம்.

கேள்வி: 2022-ஆம் ஆண்டு தருமபுரம் ஆதீனம் என்னும் சைவ மடத்தின் தலைவர் பல்லக்கில் வீதியுலா வரும் பட்டினப் பிரவேசத்தில், மனிதர்கள் பல்லக்குச் சுமப்பதற்குத் தடை விதித்துப் பிறகு விலக்கிக்கொண்டார்கள். அப்பரே பல்லக்குச் சுமந்திருக்கும்போது இதை எதிர்ப்பது முறையா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: சட்டத்தையும் அரசியலையும் விட்டுவிடுகிறேன், அப்பரைச் சாட்சிக்கு அழைப்பதால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பாண்டிய நாட்டிலிருந்து திரும்பிய சம்பந்தர் திருப்பூந்துருத்திக்கு வரும்போது, அப்பர் யாரும் அறியாமல் கூட்டத்தினுள் புகுந்து, அவருடைய சிவிகையை, அதாவது பல்லக்கை, தாங்குவோரில் ஒருவராகித் தோள் கொடுத்தார். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்டபோது, உம் அடிகளைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து விடை வந்தது. அதைக் கேட்ட சம்பந்தர் பதைத்து, விரைந்து இறங்கி வணங்கப் போனார். அவர் வணங்குவதற்கு முன்பே அப்பர் வணங்கினார்.

விருப்பத்தோடு சுமக்கும் அடியாரைத் தடுக்க இந்த நிகழ்ச்சியில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இதை எடுத்துக்காட்டி, சுமக்க வேண்டியது உங்கள் கடமை என்று மேலே இருப்பவர் கேட்கவும் இதில் இடமில்லை. அப்பர் கேட்கப்படாமல் சுமந்தார். சம்பந்தர் அறிந்த கணமே இறங்கினார். பல்லக்கை ஆதரித்துப் பேசுவோர் முதல் பாதியோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதே என்னுடைய குறை.