கேள்வி-பதில்: படத்தில் பெரிய ஹால், வீட்டில் சின்ன ஹால்

கேள்வி: புது வீட்டுக்கு இன்டீரியர் டிசைனர் தேடுகிறோம். மூன்று பேர் தாங்கள் செய்த வேலைகளைப் படமாக அனுப்பியிருக்கிறார்கள். மூன்றுமே கண்ணைப் பறிக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: வேலை முடிந்த மறுநாள் எடுத்த படத்தில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பு முடித்த வீடு ஒன்றைக் காட்ட முடியுமா என்று மூவரிடமும் கேளுங்கள். காட்டினால், ஹாலில் நின்று வியந்துகொண்டிருக்காமல் நேரே சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து பாருங்கள். மர வேலையில் முதலில் கெடுகிற இடம் அதுதான். பலகை ஊதியிருக்கிறதா, குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் ஓரத்தைப் பூசாமல் விட்டிருக்கிறார்களா, விளிம்பில் ஒட்டிய பட்டை உரிந்து தொங்குகிறதா என்று பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். அப்புறம் வீட்டுக்காரரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: கடைசித் தவணை கைக்குப் போன பிறகு போனை எடுத்தாரா?

கேள்வி: வாடகை வீடு. ஒரே ஒரு படுக்கையறையைக் கொஞ்சம் மாற்றியமைக்க டிசைனர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அளவு டேப் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: சதுர அடிக்கு மிகக் குறைந்த ரேட் சொன்னாரே என்று நம்பி அலமாரி வேலையைக் கொடுத்தேன். பில்லைப் பார்த்தால் நான் போட்ட கணக்கைப் போல மூன்று மடங்கு. என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: எந்தச் சதுர அடி என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆகவே கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள அலமாரி என்று வையுங்கள். முகப்பை மட்டும் அளந்தால் 42 சதுர அடி. பலகை பலகையாக அளந்தால் பக்கவாட்டு இரண்டும் 28, மேலும் கீழும் 24, முதுகு 42, கதவுகள் 42. உள்ளே ஒரு தட்டுகூட வைக்கவில்லை, அதற்குள் 136 ஆகிவிட்டது. முகப்புக்கு அதிக ரேட் சொல்பவரும் பலகைக்குக் குறைந்த ரேட் சொல்பவரும் கடைசியில் ஒரே தொகையைக் கேட்கலாம். அவர் சொல்லாமல் விட்டது தப்பு, நீங்கள் கேட்காமல் விட்டது அதைவிடக் கொஞ்சம்தான் சின்னத் தப்பு. அடுத்த முறை ரேட் கேட்காதீர்கள். இந்த அலமாரி, இந்தப் பலகை, இத்தனை மி.மீ. தடிமன், கீல், கைப்பிடி, இழுப்பறை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: டிசைனர் கம்ப்யூட்டரில் வரைந்த 3டி படத்தில் காட்டியது ஒன்று, வீட்டில் வந்து நிற்பது ஒன்று. ஹால் பாதியாகச் சுருங்கிவிட்டதுபோல் இருக்கிறது. படத்தைக் காட்டிச் சண்டை போடலாமா?

பதில்: போடலாம். ஜெயிப்பீர்களா என்பது வேறு விஷயம். இந்த 3டி படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சுவருக்கு வெளியே நிற்கும். கம்ப்யூட்டரில் ஒரு சுவரைத் தூக்கிவிட்டு, பின்னால் தள்ளிப் போய், அகலமான லென்ஸ் வைத்துக் காட்டுகிற காட்சி அது. உங்கள் ஹாலை அப்படிப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டும். வெயில் எல்லாப் பக்கமும் விழும். சுவிட்ச் போர்டு இருக்காது, சார்ஜர் ஒயர் இருக்காது, குப்பைக்கூடை, செருப்பு, துணி காயப்போடும் ஸ்டாண்ட் எதுவும் இருக்காது. மஞ்சள் வெளிச்சம் வழியும். அது 3000 கெல்வின் பல்பின் வெளிச்சம் என்று யாரும் எழுதி வைக்காததால், எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த, வெள்ளையாக எரியும் 6500 கெல்வினை மாட்டிவிட்டுப் போவார். படத்தில் தேன் நிறத்தில் இருந்த மரம் அன்று இரவே சாம்பல் பூத்துப்போகும்.

எனக்கும் பட்டுத்தான் தெரிந்தது. சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் அலமாரி ஒன்றைப் படத்தில் காட்டினார்கள். கொள்ளை அழகு. சரி என்றேன். வந்த பிறகு பார்த்தால், கதவைத் திறக்கும்போது கைப்பிடி பக்கத்துச் சுவரில் இடித்து, முழுதாகத் திறக்காமல் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் இழுப்பறையை இழுத்தால் கதவில் மோதி நான்கு விரல் அகலத்துக்கு மேல் வராது. ஆறு வருஷமாக அந்த இடுக்கில் கையை விட்டுத் தடவித்தான் காலுறை எடுக்கிறேன். ஜோடியாக வந்தால் அன்று அதிர்ஷ்டம். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே 5 செ.மீ. பட்டை ஒன்று வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில் கதவு திறக்கும் வளைவைப் போட்டிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். நான் வரைபடமே கேட்கவில்லை, படத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அளவு போட்ட வரைபடம் ஏதாவது கொடுத்திருக்கிறாரா என்று தேடுங்கள். அதில் உள்ள அளவும் வந்த பொருளின் அளவும் வேறு என்றால் தைரியமாக மாற்றிக் கேளுங்கள். படம் மட்டும்தான் என்றால் உங்கள் கை தாழ்ந்திருக்கிறது. இனி வாங்கப்போகிற சாமான்களுக்காவது பழைய செய்தித்தாளைச் சோபா அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நடக்கிற வழி 90 செ.மீ.க்குக் குறைந்தால் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் டிசைனர் சொல்கிற கடைகளில் அவருக்குக் கமிஷன் போகிறதாம். இது மோசடிதானே?

பதில்: மறைத்தால் மோசடி, சொல்லிவிட்டு வாங்கினால் அது அவர் சம்பளத்தில் ஒரு பகுதி. டிசைனருக்குப் பணம் பல வழியில் போகிறது: மொத்தமாக ஒரு தொகை, செலவில் இத்தனை சதவீதம், சதுர அடிக்கு இவ்வளவு, மணிக் கணக்கு. சதவீதக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு, நீங்கள் அதிகம் செலவழித்தால் அவருக்கு லாபம். கட்டணமும் வாங்கிக்கொண்டு கமிஷனும் வாங்குகிறாரா என்று நேராகக் கேளுங்கள். கோபம் வந்தால் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: அவர் தேர்ந்தெடுத்த சோபா பிடிக்கவில்லை. வேண்டாம் என்றால் வருத்தப்படுவாரோ?

பதில்: உட்காரப்போவது நீங்கள்.

கேள்வி: வேலை நடக்கும்போது கதவின் நிறத்தை மூன்று முறை மாற்றினோம். எல்லாம் போனில் சொன்னதுதான். இப்போது அதற்கெல்லாம் கூடுதல் பணம் கேட்கிறார். நியாயமா?

பதில்: நியாயம்தான். மூன்று முறை மனம் மாறியது உங்களுக்கு, பலகை மேல் வெட்டி ஒட்டிய லேமினேட் என்ற நிறத் தகட்டைப் பிய்த்து எறிந்தது தச்சர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எவ்வளவு, எத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லாதது அவர் குறை. அதை வைத்துக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். இலவசமாகக் கேட்காதீர்கள்.

கேள்வி: நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பணம் கொடுத்துவிட்டோம். பலகை விலை ஏறுகிறது, இப்போதே வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அவசரப்படுத்தினார். வேலை பாதியில் நிற்கிறது. ஒரு மாதமாகப் போனை எடுப்பதில்லை. அம்மா தினமும் அழுகிறார்.

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இதில் நீங்கள் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. விலை ஏறுகிறது என்று பயமுறுத்திப் பணத்தை முன்னால் வாங்குவது பழைய தந்திரம், உஷாரானவர்களும் விழுகிறார்கள்.

இனி ஒரு காசும் கொடுக்காதீர்கள், "இவ்வளவு மட்டும் கொடுத்தால் நாளையே ஆள் வரும்" என்றாலும் கொடுக்காதீர்கள். வேறு யாரும் வேலையைத் தொடுவதற்கு முன்பு ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுங்கள், முடிந்தது எது, முடியாதது எது என்று பட்டியல் போடுங்கள். வேறொரு தச்சரை அழைத்து, நடந்த வேலையின் மதிப்பும் மீதி வேலைக்கு ஆகும் செலவும் எழுதி வாங்குங்கள். பணம் அனுப்பிய ரசீது, போனில் வந்த செய்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பிறகு, இந்தத் தேதிக்குள் வேலையை முடியுங்கள் அல்லது மீதியைத் திருப்புங்கள் என்று பதிவாகும்படி கடிதம் அனுப்புங்கள். தேதி தாண்டினால் நுகர்வோர் புகாருக்குப் போங்கள், இந்தக் கட்டு அங்கே பேசும்.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது, மீதியைக் கொடுங்கள் என்கிறார். இரண்டு கதவுகள் மட்டும் ஏற்ற இறக்கமாக நிற்கின்றன. பிறகு ஆள் அனுப்புவாராம். நல்ல மனிதர்தான், கொடுத்துவிடலாமா?

பதில்: நல்ல மனிதராகவே இருக்கட்டும். மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை கையில் வைத்திருந்து, குறை எல்லாம் தீர்ந்த பிறகு கொடுங்கள். இழுப்பறைகளைக் காலியாக இழுத்துப் பார்க்காமல் சாமானை நிரப்பி இழுத்துப் பாருங்கள். அந்த இரண்டு கதவுகளுக்குத் தனியாக ஆள் வேண்டியதில்லை. கீலிலேயே மேலே கீழே, பக்கவாட்டில் நகர்த்தும் திருகுகள் இருக்கும். அவர் பணம் வாங்க வரும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.