அருண்மொழியா, அருள்மொழியா: பதிவேட்டில் உள்ளதே பெயர்

கேள்வி: 2021-இல் பிறந்த எங்கள் மகளுக்கு என் பாட்டியின் பெயரான 'அருண்மொழி'யைச் சூட்டுவதாகப் பேசி முடித்திருந்தோம். அப்படியே ஆதாரும் எடுத்தேன். பின்னர் நான் தாய்வீட்டில் இருந்தபோது, நாத்தனாரின் பேச்சைக் கேட்டு என் கணவர் நகராட்சியில் 'அருள்மொழி' என்று பதிவு செய்துவிட்டார். இப்போது மாமியார் எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். என்னைக் கேட்காமல் வைத்த பெயரை ரத்து செய்ய வழக்குத் தொடரலாமா?

பதில்: கடிதத்தின் பெரும்பகுதி யார் யாரை மதிக்கவில்லை என்பதைப் பற்றியது. அந்த வருத்தம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பதிவாளர் அதைப் பார்க்கப்போவதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 14-ஆம் பிரிவு, பெற்றோரோ பாதுகாவலரோ குழந்தையின் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் கணவர் தகப்பன் என்ற தகுதியில் தெரிவித்திருக்கிறார். நீங்கள் உடனில்லை என்பதால் மட்டும் அது செல்லாததாகிவிடாது.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் கொடுத்த விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தது? அதன் நகலை முதலில் வாங்குங்கள். விண்ணப்பத்தில் 'அருண்மொழி' என்றிருந்து பதிவேட்டில் மாறி ஏறியிருந்தால், அல்லது சான்றிதழில் தமிழ் ஒரு விதமாகவும் ஆங்கிலம் வேறு விதமாகவும் இருந்தால், அது பிழை. 15-ஆம் பிரிவின்கீழ், மூலப்பதிவை அழிக்காமல் ஓரக்குறிப்பாகத் திருத்தம் கோரலாம். விண்ணப்பத்திலேயே 'அருள்மொழி' என்றிருந்தால் திருத்துவதற்குப் பிழையே இல்லை. ஏறிய பெயரைக் குடும்பத்தாரின் மனமாற்றத்துக்காகப் பதிவாளர் மாற்றித் தருவதில்லை. இரண்டு வடிவங்களும் வழக்கில் உள்ளவை, இரண்டுமே சரியானவை என்பது உங்களுக்குப் பாதகம். ஒன்றைத் தவறென்று காட்ட உங்களால் இயலாது.

வழக்கைப் பொறுத்தவரை, 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், பிரிந்து வாழ்ந்த பெற்றோர் பெயரில் உடன்படாததால் தானே ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டியதைச் சிலர் எடுத்துக்காட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குழந்தையின் சான்றிதழில் பெயரே இல்லாமலிருந்தது; பெயரில்லாத சான்றிதழைப் பள்ளி ஏற்க மறுத்தது. உங்கள் மகளுக்குப் பெயர் இருக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தொடர்ந்து நடத்தினால், தீர்ப்பு வருவதற்குள் அவள் தன் பெயரைத் தானே எழுதப் பழகியிருப்பாள்.

எனக்குக் கவலை தருவது வழக்கு அல்ல, வழக்குப் போடாமல் குடும்பங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள்தான். சொந்த ஊரில் ஆள் தெரியும் என்று, வேறு இடத்தில் பிறந்ததாகக் காட்டி இரண்டாவது பிறப்புப் பதிவு வாங்குகிறவர்கள் உண்டு. தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது 23-ஆம் பிரிவின்படி குற்றம், அதில் மாட்டுகிறவர் பெரும்பாலும் கையெழுத்திட்ட தாய் அல்லது தகப்பன். அதைவிட அதிகம் பேர் விழும் குழி, எதையும் செய்யாமல் விட்டுவிடுவது. ஆதாரை வைத்துப் பள்ளியில் ஒரு பெயர் ஏறும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அப்படியே அச்சாகும், கடவுச்சீட்டுக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ் வேறு பெயரைச் சொல்லும். அதன்பின் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கில் நியமனதாரர் பதிவு என்று ஒவ்வோர் இடத்திலும் 'இருவரும் ஒருவரே' என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் எதிரே அமர்ந்திருக்கும் அலுவலரைப் பொறுத்தது. 2021-இல் ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயர் அடையாள உரிமையின் பகுதி என்றும், பொது ஆவணங்களின் அடிப்படையில் மதிப்பெண் சான்றிதழைத் திருத்தும் கோரிக்கையை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பொது ஆவணங்களில் முதன்மையானது பிறப்புச் சான்றிதழ். உங்கள் வீட்டில் அதுவே 'அருள்மொழி' என்கிறது.

அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டால் எல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. அது பிறப்புப் பதிவேட்டைத் திருத்தி எழுதாது. அந்த அரசிதழ்ப் பக்கத்தையும் பழைய சான்றிதழையும் சேர்த்தே உங்கள் மகள் காலமெல்லாம் காட்ட வேண்டியிருக்கும். எண்கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டுவது ஆவணங்களுக்கிடையே மூன்றாவது வடிவத்தை உண்டாக்கும், வேறொன்றும் செய்யாது.

ஆகவே விண்ணப்ப நகலில் பிழை தென்படாவிட்டால், விட்டுக்கொடுங்கள். உங்கள் கணவர் செய்தது சரியென்பதால் அல்ல, ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவது எளிது, சான்றிதழை ஆதாருக்கு ஏற்ப மாற்றுவது கிட்டத்தட்ட இயலாதது என்பதால். வீட்டில் 'அருண்மொழி' என்று அழைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், முன்னெழுத்தை எப்படிப் போடுவது, அதை விரித்தால் தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துகள் என்ன, 'ழி'க்கு 'இசட்', 'எச்' இரண்டும் வருமா 'எல்' மட்டுமா என்பதையெல்லாம் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பார்த்து, பள்ளி விண்ணப்பத்துக்கு முன் ஒரே முறையில் திருத்தி முடித்துவிடுங்கள்.