மழை நாளில் பால் வெட்டுவதில்லை

அன்புள்ள அண்ணா,

என் பாட்டியின் ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரையைக் கைப்பேசியிலேயே தட்டி, அன்றிரவே இணையத்தில் போட்டுவிட்டேன். 'பாட்டியின் சட்டையில் பால் கரை' என்று எழுதியிருந்தேன். உனக்குத் தமிழ் தெரியாதா என்று ஒருவர் கேட்டுவிட்டார். மனசு விட்டுப்போச்சு. போட்ட பிறகும் திருத்தலாம்தானே? ஒரு கட்டுரையை எத்தனை முறை திருத்த வேண்டும்?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

வணக்கம் தங்கச்சி,

முதலில் அந்தக் கரையை முடித்துவிடுவோம். துணியில் பட்டுக் காய்ந்து துவைத்தாலும் போகாமல் நிற்பது கறை, ஆற்றுக்கு இருப்பது கரை. இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கைப்பேசி சிவப்புக் கோடு போடாது. 'காலைப் பனியில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றார்கள்' என்று வரவேண்டிய இடத்திலும் 'பணி' விழுந்திருக்கிறது. எழுதியவர் கண் தான் நினைத்ததையே படித்துக்கொண்டு போகும், மெதுவாக வாய்விட்டுப் படித்தால்தான் இதெல்லாம் சிக்கும்.

போட்ட பிறகும் திருத்தலாம். ஆனால் உங்கள் கட்டுரை எனக்கு வந்ததே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான், அதில் இன்னும் கரைதான் இருக்கிறது.

எழுத்துப்பிழையை விட எனக்குப் பெரிய கவலை வேறு. பல வருஷத்துக்கு முன்னால் நானும் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். கொட்டும் மழையில் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டினார்கள் என்று ஒரு வரி, எனக்கு ரொம்பப் பிடித்த வரி. தோட்டத்திலேயே காலம் கழித்த ஒரு அக்கா படித்துவிட்டுப் போன் செய்தார். "தம்பி, மழையில யாரு பால் வெட்டுனா? மங்குல தண்ணி நெறஞ்சி பால் வீணாப் போயிடும். அன்னிக்கி வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல" என்றார். மங்கு என்றால் மரத்தில் பால் வடிந்து சேரும் கிண்ணம். மழை வந்தால் அவர்களுக்குக் கஷ்டம் நனைவதில் இல்லை, வேலையில்லாமல் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) உட்கார்ந்து கடைக் கடனை நினைத்துக்கொண்டிருப்பதில் இருந்தது. நான் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான். அன்றிலிருந்து எந்த வரி எனக்கு அதிகம் பிடிக்கிறதோ அதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன், இதை யார் பார்த்தது என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கட்டுரையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. பாட்டிக்கு 1950-இல் கல்யாணம் என்று எழுதிவிட்டு, 'துரைய சுட்ட வருசம் தாலி ஏறிச்சு' என்று அவர் சொன்னதையும் போட்டிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பக்கம் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள், அதாவது தோட்ட நிர்வாகிகள், சுடப்பட்டது 1948 ஜூன் 16. அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலமே வந்தது, 1960 வரை நீடித்தது. பாட்டி சொன்னது அதையென்றால் உங்கள் கணக்கு இரண்டு வருஷம் தவறு. ஆனால் அதற்கப்புறமும் துரைமார்கள் சுடப்பட்டிருக்கிறார்கள், அதனால் அவசரப்பட்டு 1948 என்றும் மாற்றிவிடாதீர்கள். எந்தத் துரை, எந்தத் தோட்டம் என்று கட்டுரையில் வருகிற உங்கள் பெரியம்மாவிடம் கேளுங்கள். பாட்டியின் அந்த வாக்கியத்தில் மட்டும் ஓர் எழுத்தையும் தொடவேண்டாம்.

எத்தனை முறை என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஓர் இரவு கிடப்பில் போடுங்கள், காலையில் பெரியம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் எங்கே சுருங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்புறம், பசுமை, இயற்கை, தென்றல் என்று போகும் முதல் இரண்டு பத்தியும் வேண்டாம், அது எந்த ஊருக்கும் பொருந்தும். மூன்றாவது பத்தியில் பாட்டி இருட்டோடு எழுந்து மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டுகிறாரே, அங்கேயே தொடங்கிவிடுங்கள்.

திருத்தியதும் கீழே தேதி போட்டு எதைத் திருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதி, எனக்கும் அனுப்புங்கள், குழுவில் நானே போடுகிறேன். பெரியம்மா ரப்பர் காட்டைத் தீம்பார் என்று சொன்னால் தீம்பார் என்றே இருக்கட்டும்.