தார்ச்சாலையில் ஓடும் பிக்கப்புக்கு எந்த ஏடி டயர்?

கேள்வி: பினாங்கில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வேலை பாயான் லெப்பாஸில். தினமும் பாலம் கடந்து போய் வருகிறேன். என் ஹைலக்ஸின் 265/65 ஆர்17 டயர்கள் தேய்ந்துவிட்டன. டுரியான் பருவத்தில் மட்டும் பாலிக் புலாவில் மாமனார் தோட்டத்துக்கு ஏற வேண்டும். கடைக்காரர் ‘டென் பிளை’ ஏடி டயர்தான் (தாரிலும் மண் பாதையிலும் ஓடும் ஆல்-டெரெய்ன் டயர்) பிக்கப்புக்குச் சரி என்கிறார். நண்பர்களோ அது கனம், டீசல் குடிக்கும் என்கிறார்கள். எடை குறைந்த ஏடி டயர் என்று ஒன்று இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. உங்கள் ஓட்டத்துக்கு அதுதான் சரி. டென் பிளை வேண்டாம்.

கடையில் டயரின் முரட்டு முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். 265/65 ஆர்17 என்று நேராகத் தொடங்கி, அடுத்து 112 என்ற எண்ணும் எஸ், டி, எச் என ஏதோ ஓர் எழுத்தும் இருந்தால் சாதாரணக் கட்டுமானம். அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்று போட்டு, பின்னால் 120/117 என்று இரட்டை எண் வந்தால் அது சுமை வண்டிக்கான கட்டுமானம். டென் பிளை என்று உங்களிடம் காட்டியது இதைத்தான். உள்ளே உண்மையில் பத்து அடுக்கு கிடையாது. பருத்தி நூலில் டயர் செய்த காலத்து அளவுகோல் இன்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கனம் நிஜம்: ஒரே அளவில் ஒரு டயருக்கு ஐந்தாறு கிலோ வரை கூடும்.

இதில் ஏமாறுவது சுலபம். ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் இரண்டு கட்டுமானமும் விற்பனைக்கு வரும். யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி ஜி015 ஓர் உதாரணம். சில அளவுகளில் எல்டி உண்டு, சிலவற்றில் இல்லை. பிஎஃப் குட்ரிச் கேஓ2 பெரும்பாலும் எல்டியாகவே வரும். நல்ல டயர்தான், உங்களுக்கானது அல்ல. ஆகவே பெயரை மட்டும் சொல்லி போனில் ஆர்டர் கொடுக்காதீர்கள். ‘எல்டி இல்லாதது, 112’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சாதாரணக் கட்டுமானம் சுமை தாங்குமா என்று கடைக்காரர் கேட்பார். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். நான்குக்கும் 4,480 கிலோ. உங்கள் வண்டி, ஆட்கள், பின்பெட்டி நிறைய டுரியான் எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 3 டன்தான். 112க்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

சரி, டீசலுக்கு வருவோம். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதிலிருந்து பிக்கப் வைத்திருக்கும் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நண்பர்கள் சொல்வது சரி, ஆனால் காரணம் வெறும் கனம் அல்ல. டயருக்கு ஐந்து கிலோ என்றால் நான்குக்கும் 20 கிலோ. அந்தக் கனம் சக்கரத்தின் விளிம்பில் சுழல்வதால், வேகம் எடுக்கும்போது கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும். அப்படியும் 40 கிலோதான். இரண்டு டன் வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. டீசலைத் தின்பது தடித்த பக்கச்சுவரும் ஆழமான ரப்பர் கட்டைகளும். ஒவ்வொரு சுற்றிலும் அவை மடங்கி நிமிரும்போது சூடாகின்றன. அந்தச் சூடு உங்கள் டாங்கியிலிருந்து போவது. உருளும் தடை 10 விழுக்காடு கூடினால் எரிபொருள் 1 முதல் 2 விழுக்காடு கூடும் என்பது பொதுக் கணக்கு. தினமும் பாலம் கடப்பவருக்கு அது வருடத்தில் ஒரு தொகை. கனத்தை உங்கள் இடுப்புதான் முதலில் உணரும்: காலிப் பெட்டியுடன் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது பின்பக்கம் தட்டுத் தட்டென்று குதிக்கும். போதாததற்கு, எல்டி டயர் அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு அதற்குப் போதாது. கூட்டி அடைத்தால் இன்னும் விறைக்கும்.

என்னைக் கேட்டால் டீசலைவிட மழைதான் பெரிய கவலை. பெட்டி காலியாக இருக்கும்போது பிக்கப்பின் பின் சக்கரங்களில் பாரமே இல்லை. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலை வளைவுகளில் மழை நேரத்தில் இறங்கிப் பாருங்கள், வால் எவ்வளவு லேசு என்று புரியும். கல் கிழிக்காமல் இருப்பதற்காகக் கெட்டியாகச் செய்த ரப்பர் ஈரத் தாரில் பிடிக்காது. கட்டைகளுக்கு இடையே இடைவெளி அதிகமானால் சாலையைத் தொடும் ரப்பரும் குறைகிறது. அதனால் நடுவில் கட்டைகள் நெருக்கமாக, ஏறக்குறைய தொடர்ந்த பட்டைபோல் அமைந்த மென்மையான ஏடியை எடுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்க வேண்டும். கட்டையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அந்த வெட்டுகள் லேசாக வாய் திறக்கும். ஈரத்தில் பிடிப்பது அந்த விளிம்புகள்தான். ஐரோப்பிய லேபிளோடு வரும் டயரில் மழை மேகப் படத்தின் கீழ் ஏ முதல் இ வரை ஓர் எழுத்து இருக்கும். ‘சி’ என்ற எழுத்துக்குக் கீழே போக வேண்டாம். இரைச்சலும் டெசிபலில் அங்கேயே இருக்கும். பக்கச்சுவரில் மூன்று முகடு மலைக்குள் பனிச்செதில் படம் போட்டிருந்தால் அது பனிநாட்டுக்கான தகுதி. பினாங்கில் அதற்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

எல்டி யாருக்கு வேண்டும்? செம்பனைத் தோட்டத்துக்குள் தினமும் ஓடுபவருக்கு. வெட்டிப் போட்ட மட்டையின் முள் பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப்போட முடியாது, டயரையே தூக்கி எறிய வேண்டியதுதான். கல்குவாரிக்கும் காட்டுப் பாதைக்கும் அப்படியே. மாமனார் தோட்டத்துப் பாதை பெரும்பாலும் சிமெண்ட் என்றால் உங்களுக்கு அந்தப் பயம் குறைவு. பாசி பிடித்த சிமெண்டில் எந்த டயரும் வழுக்கும். அங்கே லோ கியரில் மெதுவாக ஏறுவதுதான் வழி.

இன்னொன்று: அழகுக்காக 265/70க்குப் போகாதீர்கள். விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803க்கு உயரும். கனமும் கூடும், இழுவையும் மந்தமாகும், மீட்டரும் வேகத்தை முன்பைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வருடக்கணக்கில் கடையில் கிடந்த டயருக்குப் புது விலை கொடுக்க வேண்டாம். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வாருங்கள். ஏடியில் கட்டைகள் ஏறுமாறாகத் தேய்ந்தால் இரைச்சல் சீக்கிரம் வந்துவிடும். சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம். நம்மூர் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிடுவது நல்லது.