ஆர்க்டிக் காலநிலை ஆய்வில் பூர்வகுடி அறிவுக்கும் அரசியலுக்கும் என்ன வேலை?

பூர்வகுடி அறிவு என்பது ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, பனியையும் விலங்குகளையும் கவனித்துச் சேர்த்த பட்டறிவு. ஆர்க்டிக்கில் அளவீட்டு நிலையங்கள் குறைவு. செயற்கைக்கோள் பதிவுகளும் சில பத்தாண்டுகளுக்குத்தான் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் இப்போதைய சூட்டைச் சொல்லும். நேற்று ராத்திரியிலிருந்து எப்படி இருந்தது என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

1977-இல் போஹெட் திமிங்கிலங்கள் அருகிவிட்டன என்று சொல்லி, அலாஸ்காவின் பூர்வகுடிகளான இன்யூபியாட் மக்களின் வேட்டைக்குச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் தடை விதித்தது. திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் நீந்திப் போகும், கரையோரப் பனியில் நின்று எண்ணினால் பல விட்டுப்போகும் என்றார்கள் வேட்டைக்காரர்கள். அப்புறம் ஆய்வாளர்கள் தண்ணீருக்குள் மைக் இறக்கித் திமிங்கிலங்களின் குரலைக் கேட்டார்கள். வேட்டைக்காரர்கள் சொன்னதுதான் சரி! பிழைப்பையே முடக்கிய முடிவை எடுக்கும் முன்பே அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

எங்கே அளக்கலாம் என்பதை அரசியல் தீர்மானிக்கிறது. ஆர்க்டிக் கடற்கரையில் ஏறக்குறையப் பாதி ரஷ்யாவுடையது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டதும் மேற்கு நாடுகளுடனான கூட்டாய்வுகள் பலவும் நின்றன. ரஷ்யாவின் சைபீரியாவில் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலம் உருகுவது பற்றிய தகவல் வெளியே வருவது குறைந்தது.

பூர்வகுடி அறிவு வெறும் பழங்கதை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வொரு பருவத்திலும் பனியில் இறங்கிச் சரிபார்த்துப் புதுப்பிக்கப்படுகிற அறிவு.