திரும்பி வரும் தட்டுகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது, மென்பொருள் வேலையில் இருக்கிறேன். செஃப் ஆகவேண்டும் என்பது கனவு. நான் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஹோட்டல் தோற்றது என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுக் கேட்டரிங் படிக்கலாமா, நேராகச் சமையலறையில் சேரலாமா? எந்தக் கத்தி வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே,

கத்தியை விடுங்கள். எட்டு அங்குலத்தில் ஒன்று போதும், தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். மழுங்கியதுதான் வழுக்கி விரலில் இறங்கும். பாராட்டையும் விடுங்கள். ஓசியில் சாப்பிடுகிறவன் எப்போது குறை சொன்னான்? நாலு பேருக்கு ஒருநாள் ருசியாகச் சமைப்பது வேறு, அதே பண்டத்தை ஒரே ராத்திரியில் எண்பது தடவை அதே உப்போடும் அதே சூட்டோடும் அனுப்புவது வேறு.

அடுப்புக்கு முன்னால் நிற்க எல்லாருக்கும் அவசரம். முதலில் பாத்திரம் கழுவுங்கள் என்றால் முகம் சுருங்குகிறது. எழுத வருமுன் ஒரு வருடம் நான் சமையலறையில் இருந்தேன், அதில் முதல் மூன்று மாதம் கழுவுதொட்டிதான். ஒருநாள் இரவு வந்த தட்டுகளிலெல்லாம் இறைச்சி காலி, உருளைக்கிழங்கு மசியல் மட்டும் ஒரு ஓரமாக, கரண்டி ஒரே ஒருமுறை இறங்கிய குழியோடு அப்படியே இருந்தது. நான் பாட்டுக்கு வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். தலைமைச் செஃப் அந்தப் பக்கமாக வந்தவர் தட்டைப் பார்த்தார், குப்பைத்தொட்டியைப் பார்த்தார், போய் மசியலை ருசி பார்த்தார். இரண்டாவது பானையில் உப்பே போடவில்லை. எப்போதிலிருந்து இப்படி வருகிறது என்று கேட்டார். ரொம்ப நேரமாக, என்றேன். அன்றைக்கு அவர் கத்தியது சமைத்தவனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. வெகுநாள் அது அநியாயம் என்றுதான் நினைத்திருந்தேன். அடுப்பில் நிற்பவனுக்குப் போகிற தட்டுதான் தெரியும், திரும்பி வருவது என் கையில்தானே வந்தது!

சரி, உங்கள் கேள்வி. படிப்பு வீணல்ல, சுகாதாரமும் செலவுக் கணக்கும் அங்கே ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள். பிரெஞ்சுச் சமையலின் பெரிய பெயரான எஸ்கோஃபியே 13 வயதில் நேராகச் சமையலறைக்குத்தான் போனார், ஆனால் அது 1859. எதுவானாலும் வேலையை இப்போதே விடாதீர்கள். நாலைந்து வாரம் சனி, ஞாயிறு ராத்திரிகளில் எங்காவது கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டுப் போய் நில்லுங்கள். வழுக்காத ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சூடான சட்டியை ஈரத்துணியால் பிடிக்காதீர்கள், ஆவி கையைச் சுட்டுவிடும். என் இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.